‘க முதல் ன வரை’ என்று எழுதினால் கணினி பாதியைத்தான் எடுக்கும்

எழுத்துகளைத் தேடிப் பிரிக்கும் ரீஜெக்ஸ் என்ற தேடல் வடிவத்தில், ‘இதிலிருந்து இதுவரை’ என்னும் வீச்சைச் சதுர அடைப்புக்குள் [க-ன] என்று எழுதுகிறவர் மனதில் 18 மெய்யெழுத்துகளும் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசை க-வில் தொடங்கி ன-வில்தானே முடிகிறது. கணினி அதிலிருந்து எடுத்துக்கொள்வதோ க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன. அதாவது 18-இல் 9, கூடவே கேட்காமலே வந்த ஒரு ஜ. ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் வெளியே நிற்கின்றன. கும்பகோணமும் சீர்காழியும் தஞ்சாவூரும் நன்னிலமும் வடிகட்டியைக் கடந்து வரும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வலங்கைமான், வேதாரண்யம் வராது. பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது. பட்டியல் பாதியாகக் குறைந்திருப்பதை யாராவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

காவிரி டெல்டாவில் பட்டியலும் பதிவேடும் இல்லாத வேலை குறைவு. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசைக்குப் பதியும் விவசாயிகளின் பெயர்கள், பயிர்க் காப்பீட்டுக்கான கிராமவாரிப் பட்டியல், கோயில் கட்டளைக் கணக்கு, நூலக அட்டவணை எல்லாமே தமிழ்ப் பெயர்களால் ஆனவை. அவற்றை முதலெழுத்தால் பிரித்து இரண்டு மூன்று பேருக்குக் கொடுப்பதும், திரையில் ‘க–ஞ’, ‘ட–ந’ என்று பொத்தான் வைப்பதும் இயல்பான தேவை. அந்தத் தேவையை நிரலாக எழுதும்போது எங்கெங்கே சறுக்கும், எப்படிச் சரியாகச் செய்வது என்பதற்காக இந்தப் பதிவு.

சறுக்கலின் வேர் எண் ஒதுக்கீட்டில் இருக்கிறது. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணை (குறியெண்) ஒதுக்கும் யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். அந்த இடத்துக்குள் எழுத்துகள் அமர்ந்திருக்கும் முறை தமிழ் அரிச்சுவடியின் முறை அன்று. இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்து வந்த, தேவநாகரியை அச்சாக வைத்த முறை அது. தேவநாகரியில் க-வுக்குப் பின் இன்னும் மூன்று ககரங்கள் உண்டு என்பதால் நமக்கு க 2965-இலும் ங 2969-இலும் இருக்க, நடுவில் மூன்று வெற்றிடங்கள். ச 2970, ஜ 2972, ஞ 2974. தேவநாகரியின் வழக்கமான வரிசையில் இல்லாத எழுத்துகளை அவற்றை ஒத்த ஒலிக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தார்கள். அதனால் ந-வுக்கு (2984) அடுத்து ன (2985), ர-வுக்கு (2992) அடுத்து ற (2993), ல-வைத் தொடர்ந்து ள, ழ, அதன் பிறகு வ (2997). ஆய்தம் 2947, அதாவது அகரத்துக்கும் (2949) முன்னால். உயிர்க்குறிகள் 3006-இல் தொடங்கி நம் வரிசையிலேயே போகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் 3021-இல் புள்ளி. நம் அகராதியிலோ புள்ளி வைத்த க் முதலில், பிறகுதான் க, கா, கி.

ஆக முரண்பாடு நான்கு இடங்களில்: ஆய்தத்தின் இடம், ஜ-வின் இடம், வ-ழ-ள-ற-ன கூட்டத்தின் இடம், புள்ளியின் இடம். மற்றதெல்லாம் நம் வரிசையோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகும் பகுதி பெரிதாக இருப்பதுதான் ஆபத்து.

ஒரு தேடல் பக்கத்தில் ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: [அ-ஔ], [க-ஞ], [ட-ந], [ப-ம], [ய-ன]. முதலாவது சரியாக வேலை செய்யும். இரண்டாவது ஜ-வையும் சேர்த்துக்கொண்டு வரும். ஜெயங்கொண்டம் ச-வுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறவர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார். மூன்றாவதும் நான்காவதும் முற்றிலும் சரி. ஐந்தாவது மட்டும் ‘வீச்சு தவறு’ என்று பிழை காட்டும், ஏனென்றால் ய 2991, ன 2985. தொடக்கம் முடிவைவிடப் பெரிது. இந்த இடத்தில் அவசரக்கை என்ன செய்யும்? திருப்பிப் போட்டு [ன-ய] என்று எழுதும். பிழை போய்விடும். இப்போது அந்தப் பொத்தான் ன, ப, ம, ய என்ற நான்கை மட்டும் தருகிறது. வல்லமும் வலங்கைமானும் வேதாரண்யமும் எந்தப் பொத்தானிலும் இல்லை. பாபநாசம் இரண்டு பொத்தான்களில் இருக்கிறது. சோதனைக்கு கும்பகோணம், தஞ்சாவூர், பட்டுக்கோட்டை என்று மூன்று ஊர்களை மட்டும் போட்டுப் பார்த்தவருக்கு எல்லாம் பச்சை விளக்குதான்.

இன்னொரு மௌனமான தவறு உயிர்மெய்களை முனைகளாக வைப்பது. [க-கௌ] என்று எழுதினால் ககர வரிசை முழுவதும் வரும் என்று தோன்றும். ரீஜெக்ஸுக்கு அடைப்புக்குள் எழுத்து என்பது ஒரே ஒரு குறியெண். அது படிப்பது: க முதல் க வரை, கூடவே தனியாக ௌ என்ற குறி. அவ்வளவுதான். [கா-கை] என்றால் துணைக்கால் முதல் க வரை என்று படித்து, 3006 எப்படி 2965-க்கு முன்னால் வரும் என்று பிழை காட்டும். பிழை காட்டுவது நல்லது. முன்னது காட்டாமல் போவதுதான் கெடுதல்.

முழுச் சொல்லையும் சோதிக்க [க-ன]+ போதவில்லை என்று கண்டவர்கள் அடுத்து 2944 முதல் 3071 வரை மொத்தத்தையும் அனுமதிப்பார்கள். அப்போது சொல்லின் தொடக்கத்தில் அநாதையாக நிற்கும் கொம்பும், தமிழ் எண்களும், ரூபாய்க் குறியும் ‘பெயர்’ என்று உள்ளே வந்துவிடும். சொல்லெழுத்துக்கான பொதுக்குறியை நம்பினாலும் ஆகாது. பைத்தானின் உள்ளமைந்த ரீஜெக்ஸ் நூலகம் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கருதுவதில்லை. தஞ்சாவூர் என்ற ஒரு சொல்லை தஞ, ச, வ, ர என்று நான்கு துண்டாக வெட்டிக் கையில் கொடுக்கும். தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் தொகுதி அப்படி வெட்டாது.

கல்லணையில் உடையும் பைட்

சி மொழியின் ஸ்கேன்எஃப் போன்ற உள்ளீட்டுச் சார்புகளில் நிலைமை இன்னும் மோசம். அவை பார்ப்பது குறியெண்ணைக்கூட அன்று, பைட்டை, அதாவது 0 முதல் 255 வரையான சேமிப்புத் துண்டை. குறியெண்களை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட். க என்பது 224, 174, 149. ன என்பது 224, 174, 169. [க-ன] என்று எழுதியதை ஸ்கேன்எஃப் எப்படிப் படிக்கும்? 224, 174, பிறகு 149 கோடு 224, பிறகு 174, 169. கோட்டின் இருபுறமும் இருக்கும் பைட்டுகள் 149-உம் 224-உம் என்பதால், 149 முதல் 224 வரை எந்த பைட் வந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும்.

இப்போது உள்ளீடாக ‘கல்லணை’ வருகிறது. க-வின் மூன்று பைட்டும் உள்ளே. ல 224, 174, 178; அதுவும் உள்ளே. அடுத்து புள்ளி: 224, 175, 141. முதல் இரண்டும் வீச்சுக்குள் இருப்பதால் விழுங்கப்படுகின்றன, 141 வெளியே. அங்கே வாசிப்பு நின்றுவிடுகிறது. கையில் இருப்பது ‘கல’ என்ற இரண்டு எழுத்தும் உடைந்த புள்ளியின் இரண்டு பைட்டும். அடுத்த வாசிப்பு 141 என்ற அனாதை பைட்டில் தொடங்கும். திரையில் கேள்விக்குறி பதித்த சாய்சதுரம் வருவது இதனால்தான். உகரக்குறி (224, 175, 129) வந்தாலும் இதே கதி. இதற்கு மாறாக, தேவநாகரி, தெலுங்கு எழுத்துகள் பல இந்த வீச்சுக்குள் சாதாரணமாக நுழைந்துவிடும்.

இதில் குறை சொல்ல சி மொழித் தரத்திலும் இடமில்லை. ஸ்கேன்எஃப் அடைப்புக்குள் நடுவில் வரும் கோட்டுக்கு என்ன பொருள் என்பதை அந்தந்த சி நூலகமே முடிவு செய்துகொள்ளலாம் என்று தரமே விட்டுவிட்டது. தமிழைக் கையாள வேண்டுமென்றால் ஸ்கேன்எஃப் அடைப்பை விட்டுவிடுங்கள். வரி முழுவதையும் வாசித்து, குறியெண்களாக மாற்றி, பிறகு உங்கள் அட்டவணையைக் கொண்டு பிரியுங்கள். பைட்டாக அல்லாமல் முழுக் குறியெண்ணாக வாசிக்கும் அகல எழுத்துச் சார்புகளுக்கு மாறினால் பைட் உடைவது நிற்கும். வரிசைச் சிக்கல் அப்படியே இருக்கும்.

லொக்கேலிடம் விட்டுவிடலாமா

‘இயங்குதளத்தில்தான் தமிழ் லொக்கேல் (மொழிக்கேற்ற அமைப்புத் தொகுதி) இருக்கிறதே, அது அகரவரிசையை அறியுமே, வீச்சையும் அதுவே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற எண்ணம் நியாயமானது. ஒருகாலத்தில் தரமும் அப்படித்தான் சொன்னது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 1992-இன் பாஸிக்ஸ் தரம், சி லொக்கேல் என்ற மொழிசாரா இயல்புநிலைக்கு வெளியே வீச்சு என்பது அந்த மொழியின் அகரவரிசைப்படி என்று வகுத்தது. விளைவு ஆங்கிலத்திலேயே கசந்தது. பல லொக்கேல்களில் சிறிய ஏ, பெரிய ஏ, சிறிய பி, பெரிய பி என்று மாறிமாறி வரிசை இருந்ததால், சிறிய எழுத்துகளை மட்டும் கேட்ட வீச்சில் பெரிய எழுத்துகளும் வந்து விழுந்தன. பழைய ஸ்கிரிப்டுகள் உடைந்தன. 2008-இன் தரத்தில் சி லொக்கேலுக்கு வெளியே வீச்சின் பொருள் வரையறுக்கப்படாதது என்று பின்வாங்கினார்கள். காக் (gawk) என்ற உரை அலசும் கருவி தன் 4.0 பதிப்பிலிருந்து குறியெண் வரிசைக்கே திரும்பியது. யூனிகோட் அமைப்பின் ரீஜெக்ஸ் வழிகாட்டியிலும் மொழிக்கேற்ற வீச்சு என்று ஒரு மூன்றாம் நிலை இருந்து, பிறகு விலக்கப்பட்டது.

ஆகவே எந்த ரீஜெக்ஸ் இயந்திரமும் நமக்காக ‘க முதல் ன வரை’ என்பதைத் தமிழ் வரிசையில் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. வரிசைப்படுத்தல் வேறு கதை. யூனிகோடைக் கையாள உதவும் ஐசியூ நூலகத்தின் தமிழ் விதி நம் அகராதி வரிசையை அறிந்தது. புள்ளி வைத்ததை முதலிலும் கிரந்தத்தைக் கடைசியிலும் வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் வசதியான இன்டல் கொலேட்டரும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஐசியூ வகை வரிசைகளும் அதையே பயன்படுத்த முடியும். திரையில் காட்டும் பட்டியலை வரிசைப்படுத்த அதைத் தாராளமாக நம்பலாம்.

ஆனால் வீச்சை, அதாவது ‘யார் எந்தப் பதிவேட்டில்’ என்ற முடிவை, இயங்குதளத்தின் வரிசையிடம் ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின், 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் வரிசை விதிகள் மொத்தமாக மாறின. இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் பழைய தேடல் சுட்டுகள் (இண்டெக்ஸ்) செல்லாமல் போய், மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. தஞ்சாவூர்க் கணினியில் ஒரு விதமாகவும் திருவாரூர்க் கணினியில் வேறு விதமாகவும் பிரியும் பட்டியலால் யாருக்கும் பயனில்லை. வரிசை அட்டவணை நிரலோடு கூடவே பயணிக்க வேண்டும். தமிழுக்கு அது சில வரிகளில் அடங்கும்.

247 எழுத்து, ஒரு சூத்திரம்

அட்டவணையை இப்படி அமைக்கலாம். உயிர் 12-க்கும் 1 முதல் 12. ஆய்தத்துக்கு 13. மெய்களை நம் வரிசையிலேயே க-வுக்கு 0, ங-வுக்கு 1 என்று தொடங்கி ன-வுக்கு 17 வரை எண்ணிடுங்கள்: க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. அந்த எண்ணை 13-ஆல் பெருக்கி, 14 கூட்டி, அதனோடு உயிரின் எண்ணைக் கூட்டுங்கள். புள்ளி இருந்தால் உயிர் எண் 0, குறி ஏதுமில்லாத அகரத்துக்கு 1, ஔகாரத்துக்கு 12. க் 14 ஆகிறது, க 15, கு 19, கோ 25. கடைசியாக னௌ 247. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்தும் இடைவெளியே இல்லாமல் வரிசையாக அமர்ந்துவிடும். கிரந்தத்துக்கு ஜ 18, ஶ 19, ஷ 20, ஸ 21, ஹ 22, க்ஷ 23 என்று தொடர்ந்தால் 325-இல் முடியும்.

எழுத்துகளாகப் பிரிப்பதும் எளிதே. குறியெண்ணை ஒவ்வொன்றாக வாசியுங்கள். உயிரோ ஆய்தமோ என்றால் அப்படியே ஓர் எழுத்து. மெய் என்றால் அடுத்த குறியெண்ணை எட்டிப் பாருங்கள். உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அகரம். மெய்யின்றித் தனியாக வரும் குறி பிழை. அதை ஓசையில்லாமல் விழுங்காமல், எந்த வரியில் எத்தனையாவது இடம் என்று சொல்லி நிறுத்த வேண்டும். க-வுக்குப் பின் புள்ளியும் ஷ-வும் வந்தால் க்ஷ என்று ஒரே மெய்யாக எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடின் பொதுவான எழுத்துப் பிரிப்பு விதி அதை க் என்றும் ஷ என்றும் இரண்டாகத்தான் தரும். இப்படிப் பிரித்தால் கும்பகோணம் 6 எழுத்து: 19, 131, 119, 25, 80, 131. கணினியின் கணக்கில் அது 10 குறியெண், 30 பைட்.

நிரலில் உயிர்க்குறிகளை நேரடியாகத் தட்டாமல் எண்ணாகவே எழுதுங்கள். தனிக்கொம்பைச் சதுர அடைப்புக்குள் தட்டினால் பல எடிட்டர்களில் அது அடைப்புக்குறியின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இந்த எண் வரிசை கைக்கு வந்தபின் ‘ய முதல் ன வரை’ என்பதை நிரலே விரித்து ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று எட்டு எழுத்தாக அடைப்புக்குள் எழுதிக்கொள்ளும். பிறகு பழைய ரீஜெக்ஸ் இயந்திரத்துக்கே அதைக் கொடுக்கலாம். வீச்சு என்பது மனிதருக்கான சுருக்கெழுத்து. இயந்திரத்துக்குப் போவது முழுப் பட்டியல். வேறு எந்த மாற்றமும் செய்ய முடியாத பழைய நிரலிலும் இந்த ஒன்றைச் செய்துவிட முடியும்.

தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்-16 குறியாக்கத்தில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு, அதுவும் அகரவரிசையில். அதில் வீச்சு எழுதினால் நேராகவே வேலை செய்யும். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களே தெரியும். உள்ளே கணக்குப் போட அதே கருத்தை மேலே சொன்ன எண்களாக வைத்துக்கொண்டு, வெளியே யூனிகோடாகவே வாங்கிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

திருவில் தொடங்கும் ஊர்கள்

டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. முதலெழுத்தால் பிரித்தால் த-வின் பங்கு வீங்கிவிடும், ஏனென்றால் பாடல் பெற்ற தலங்கள் நெருங்கிய இந்த மண்ணில் திருவில் தொடங்காத பக்கமே இல்லை. திருக்கடையூர், திருக்கண்ணபுரம், திருக்கருகாவூர், திருக்குவளை, திருச்சேறை, திருத்துறைப்பூண்டி, திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், திருப்பனந்தாள், திருபுவனம், திருமருகல், திருவலஞ்சுழி, திருவாரூர், திருவிடைமருதூர், திருவையாறு. இவற்றை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்ட வேண்டுமென்றால் வெட்டுமுனை மூன்றாம் எழுத்தில் வரவேண்டும். அந்த மூன்றாம் எழுத்து பல ஊர்களில் க், ச், த், ப் என்ற ஒற்று. யூனிகோட் கடைசியில் தள்ளிய அதே புள்ளி.

‘திருப்’ என்பதில் இரண்டாம் பதிவேடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் எண்ணில் அது 95, 162, 118. திருபுவனத்தின் மூன்றாம் எழுத்து பு, 123. ஆகவே திருப்பனந்தாளுக்குப் பின்னால், இரண்டாம் பதிவேட்டில். குறியெண் வரிசையிலோ உகரக்குறி 3009, புள்ளி 3021. திருபுவனம் முந்திக்கொண்டு முதல் பதிவேட்டில் போய் விழும். அச்சிட்ட பதிவேட்டில் ஊரைத் தேடுகிறவர் இரண்டாவதைப் புரட்டி, இல்லை என்று மூடிவிடுவார். வல்லமும் வலங்கைமானும் இதற்கு இன்னும் சின்ன எடுத்துக்காட்டு. ல் 170, ல 171, வல்லம்தான் முதலில். யூனிகோட் எண்ணை நம்பினால் வலங்கைமான் முந்தும்.

வெட்டுமுனையை ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம். ‘க முதல் கு வரை’ என்றால் கும்பகோணம் அதில் உண்டா? மனிதருக்கு உண்டு. சரங்களை அப்படியே ஒப்பிடும் நிரலுக்குக் கும்பகோணம் ‘கு’-வைவிடப் பெரிது, ஆகவே இல்லை. விதி இது: மேல்முனையில் எத்தனை எழுத்து இருக்கிறதோ, பெயரிலிருந்தும் அத்தனை எழுத்தை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். பைட் அளவிலோ குறியெண் அளவிலோ வெட்டக் கூடாது. பிரித்தெடுத்த தமிழ் எழுத்து அளவில்.

கடைசி வீச்சின் மேல்முனையை ன என்று மூடாதீர்கள். மூடினால் ஜெயலட்சுமியும் ஹரிகரனும் ஸ்ரீவாஞ்சியமும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லாமல் நிற்பார்கள். ‘வ முதல் முடிவு வரை’ என்று திறந்தே விடுங்கள். பழைய கைப்பதிவேடுகளில் ஜ-வை ச-வோடு வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில், வரிசையை மாற்றாமல் தேடலில் மட்டும் ச-வைக் கேட்டால் ஜ-வும் கிடைக்கும்படி செய்யலாம். இரண்டையும் குழப்பினால் எழுத்துக்கூட்டல் மாறிய பெயர்களை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

பெயர்களின் முன்னால் ஒட்டியிருப்பவற்றை அகற்றுவதிலும் கவனம் வேண்டும். ‘திரு’ என்ற மரியாதைச் சொல்லைக் கண்மூடித்தனமாக வெட்டும் வரி, திருவாரூரை வாரூர் ஆக்கிவிடும், திருவையாற்றை வையாறு ஆக்கிவிடும். திரு-வுக்குப் பின் முற்றுப்புள்ளியோ இடைவெளியோ இருந்தால் மட்டுமே வெட்டுங்கள். தலைப்பெழுத்தும் அப்படித்தான்: ‘கோ. ராமநாதன்’ ர-வில் வரவேண்டுமா, க-விலா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஆங்கில ஒலியில் எழுதும் எஸ், ஆர், எம், கே ஆகியவற்றைப் புள்ளியில்லாமலும் எழுதுவார்கள் என்பதால், அவற்றுக்குத் தனிப் பட்டியல் தேவை. ராமநாதன், இராமநாதன் என்ற இரண்டு எழுத்துமுறைகளும் ஒரே ஊரில் புழங்குகின்றன. ஒன்று ர-வில், மற்றொன்று இ-யில். இதை வரிசை விதியால் தீர்க்க முடியாது. பெயரை எழுதியபடியே வைத்து, மொழிமுதல் இ, உ, அ நீக்கிய வடிவத்தைத் தேடலுக்கென்று தனிக் கட்டத்தில் சேமிப்பதே வழி.

நெல் ரகங்களில் எழுத்தோடு எண்ணும் வரும். டிகேஎம் 9, டிகேஎம் 13 இரண்டையும் எழுத்தாகவே ஒப்பிட்டால் 13 முன்னால் வந்துவிடும். தொடர்ச்சியான இலக்கங்களை ஒரே எண்ணாக எடுத்து ஒப்பிடுங்கள். ஆடுதுறை 36, 43, 45 மூன்றும் இரட்டை இலக்கம் என்பதால் இந்தத் தவறு அங்கே வெளியே தெரியாது.

உள்ளே வரும் முன் கழுவ வேண்டியவை

வரிசைக்கு முந்தைய படி, வரும் எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. ொ என்பதை 3018 என்று ஒரே எண்ணாகவும் தட்டலாம், 3014-ஐயும் 3006-ஐயும் சேர்த்தும் தட்டலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இரண்டாம் வகையை அப்படியே விட்டால் குறியெண் வரிசையில் கொரடாச்சேரி கேக்கரைக்கு முன்னால் வந்து நிற்கும். என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை முதல் வேலையாக ஓட்டினால் இது தீரும்.

அதனால் தீராதவை சில உண்டு. கௌ என்பதை ‘கெ’ என்று தட்டி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டுவது மிகப் பரவலான பிழை; கௌரி என்ற பெயரை ‘கெளரி’ என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். கெ-வைத் தொடர்ந்து புள்ளியோ குறியோ இல்லாத ள வந்தால் தானாகத் திருத்தாதீர்கள், ஏனென்றால் அப்படியே எழுத வேண்டிய உண்மையான பெயரும் இருக்கக்கூடும். மனிதக் கண்ணுக்கு அனுப்புங்கள். தமிழ் எண் ௧-உம் ககரமும், ௨-உம் உகரமும், ௭-உம் எகரமும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். பெயருக்கு நடுவில் 3046 முதல் 3058 வரை ஏதாவது வந்தால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய பிரதியின் பிழை. கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 என்ற இணைப்பான்கள் தட்டச்சு மென்பொருளிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும். வரிசை எண் தருவதற்கு முன் நீக்கிவிடுங்கள். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும் கோப்புகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே கொம்பு, கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

பழைய நிலக் கணக்குகளை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். தஞ்சைப் பக்கத்தில் நிலத்தை இன்றும் மா, வேலி என்று சொல்வோர் உண்டு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அந்தக் கணக்குகளில் வரும் முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019-இல் வந்த யூனிகோட் 12.0-இல் சேர்ந்தன. அவை பழைய தமிழ்ப் பகுதியில் இல்லை. 73664 முதல் 73727 வரையுள்ள தனிப் பகுதியில், ஒவ்வொன்றும் 4 பைட்டாக இருக்கின்றன. ‘தமிழ் என்றால் 2944 முதல் 3071’ என்று எழுதிவைத்த வடிகட்டி, கல்வெட்டையும் மிராசுக் கணக்கையும் படியெடுத்தவரின் உழைப்பை அந்நிய எழுத்து என்று தள்ளிவிடும். எண் வீச்சுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துமுறை என்ற யூனிகோட் பண்பைக் கேட்கும் ரீஜெக்ஸ் இயந்திரங்களில் இந்தக் குறிகளும் சேர்ந்தே கிடைக்கும்.

சோதனைக் கோப்பில் குறைந்தது இவை இருக்கட்டும்: வல்லம்–வலங்கைமான், திருப்பனந்தாள்–திருபுவனம், பழையாறை–பள்ளி அக்ரகாரம், இருவகையாகத் தட்டிய கொரடாச்சேரி, ஆய்தம் உள்ள ‘அஃகம்’, ஜ, ஸ், ஹ, க்ஷ-வில் தொடங்கும் ஒவ்வொரு பெயர், தனிக்கொம்பில் தொடங்கும் ஒரு பிழைவரி, ‘திரு. ’ சேர்ந்த ஒரு பெயர், வெறும் இடைவெளி மட்டும் உள்ள ஒரு வரி. முதல் மூன்று இணைகளும் எழுதிய வரிசையிலேயே வெளிவர வேண்டும். பின்பு எல்லா வீச்சுகளிலும் விழுந்த பெயர்களைக் கூட்டிப் பாருங்கள். உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், எந்தப் பெயரும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. [ன-ய] போன்ற பிழையை இந்தக் கூட்டல் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.